ஏறினால் போதுமா? இறங்கவும் தெரிய வேண்டும்!

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது.

மலையின் உயரம் சுமார் 500 அடி. உச்சியில் வேதகிரீசுவரர் கோவில். ஏறிப் போக 500க்கும் மேற்பட்ட படிகள்.

அந்தப் படிகளில் காலை நேரத்தில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். சிறுவர்கள் ஓட்டமாக ஓடி ஏறுவார்கள். பாட்டிமார் நின்று நின்று ஏறுவார்கள். பாதி மலையில் சிறுவர்களுக்கு மூச்சு வாங்கும். "அப்பாடா" என்று உட்கார்ந்து விடுவார்கள். பாட்டி அவர்களைத் தாண்டிப் போய்விடுவார்!

இறங்கும்போது பாருங்கள். சிறுவர்கள் தடதடவென்று குதித்து ஓடுவார்கள். பாட்டி ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைப்பார்.

"மெதுவாடா, கண்ணு! ஏறுறப்போ மூச்சுதான் வாங்கும். இறங்குறப்போ காலே போயிடும்!" என்று சத்தம் போடுவார்.

பாட்டி பள்ளிக்கூடம் போனவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால், அவர் சொல்லும் இந்த ஒரு வார்த்தைக்குள் மலையோட்டத்தின் பாடம் முழுவதும் அடங்கி இருக்கிறது.

புதிய ஆசை

மலையோட்டமா? அது என்ன?

தார் ரோட்டில் ஓடுவது ஒரு வகை. மண் பாதையில், கல்லிலும் முள்ளிலும், மேடு ஏறி, பள்ளம் இறங்கி ஓடுவது இன்னொரு வகை. அதுதான் மலைப்பாதை ஓட்டம். உலகம் எங்கும் இந்தப் பந்தயங்கள் நடக்கின்றன. இந்தியாவிலும் நடக்கின்றன.

இதில் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் பரிசுக்காக ஓடுகிறவர்கள் அல்ல. ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள். கடை வைத்து இருப்பவர்கள். பள்ளி ஆசிரியர்கள். குழந்தை குட்டி உள்ள தாய்மார்கள். உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று ஓட ஆரம்பித்தவர்கள்.

சென்னையில் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் மாரத்தான் ஓட்டம் நடக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால், ஆணும் பெண்ணும் கூட்டம் கூட்டமாக ஓடுவதைப் பார்க்கலாம்.

இவர்களில் சிலருக்கு அடுத்த ஆசை வருகிறது. "ரோட்டில் ஓடியாயிற்று. இனி மலையில் ஓடினால் என்ன?" என்கிறார்கள்.

வீட்டில் உடனே சண்டை!

"ஏங்க, நாப்பது வயசுக்கு மேலே உங்களுக்கு மலை எதுக்கு? விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா யார் பார்க்கிறது?" என்கிறாள் மனைவி.

"உடம்புக்கு நல்லதுதானே? நீயும் வாயேன்!" என்கிறார் கணவர்.

இருவரில் யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். ஓடுவது நல்லது. மலை ஏறுவது நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் நல்ல பயிற்சி. ஆனால், இறங்கத் தெரியாமலும், திரும்பி வரத் தெரியாமலும் மலைக்குப் போவது ஆபத்து.

காந்தியடிகள் இறக்கி விடப்பட்ட ஊர்

தென் ஆப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று ஓர் ஊர். 1893ஆம் ஆண்டில் காந்தியடிகளை ரயிலில் இருந்து வெள்ளையர்கள் இறக்கி விட்டார்களே, அதே ஊர்!

அங்கிருந்து கடற்கரை நகரமான டர்பனுக்கு சுமார் 90 கிலோ மீட்டர். செங்கல்பட்டில் இருந்து புறப்பட்டால் திண்டிவனத்தையும் தாண்டிப் போகும் தூரம். டர்பன் நகரில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே 1921ஆம் ஆண்டு முதல் ஓர் ஓட்டம் நடக்கிறது. அதன் பெயர் 'காம்ரேட்ஸ்'. அதாவது, 'தோழர்கள்'. முதல் உலகப் போரில் மாண்ட போர் வீரர்களின் நினைவாக விக் கிளாப்பம் என்பவர் இதைத் தொடங்கினார். அவரும் அந்தப் போரில் போராடியவர்தான்.

முதல் ஓட்டத்தில் ஓடப் புறப்பட்டவர்கள் 34 பேர். முடித்தவர்கள் 16 பேர். இன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிறார்கள். இந்தியாவில் இருந்தும் பலர் போகிறார்கள்.

பாதை குன்றும் குழியுமானது. பெரிய குன்றுகள் மட்டும் ஐந்து. பொதுவாக, ஓர் ஆண்டு கடற்கரையில் இருந்து மேலே ஓடுவார்கள். மறு ஆண்டு மேலே இருந்து கடற்கரைக்கு ஓடுவார்கள்.

இதில் எது சுலபம்? "கீழே இறங்குவதுதான்" என்று சொல்லத் தோன்றும். ஆனால், ஓடியவர்களைக் கேட்டால் வேறு பதில் வருகிறது. இறங்கும் ஆண்டில்தான் கால்கள் அதிகமாக நொந்து போகின்றன என்கிறார்கள். மறு நாள் நாற்காலியில் உட்காரக்கூட முடியாதாம்!

திருக்கழுக்குன்றத்துப் பாட்டி சொன்னதும் அதுதானே?

கால் ஏன் வலிக்கிறது?

காரணம் இதுதான்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி, உடம்பை மேலே தூக்குகிறது. மூச்சு வாங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. "போதும், நில்" என்று உடம்பே சொல்லி விடுகிறது.

இறங்கும்போது அப்படி இல்லை. மூச்சு வாங்குவது இல்லை. ஆனால், ஒவ்வொரு அடியிலும் உடம்பு கீழே விழப் பார்க்கிறது. அதை விழாமல் பிடித்து நிறுத்துவது அதே தொடைத் தசைதான். நீண்டுகொண்டே அது பாரத்தைத் தாங்குகிறது.

பாரமான ஒரு கல்லைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் மெல்ல மெல்ல இறக்கிப் பாருங்கள். கயிறு கையை உரித்து விடும். தொடைக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். தசை நார்களில் மிக நுண்ணிய காயங்கள் ஏற்படுகின்றன. வலி உடனே தெரியாது. மறு நாளும், அதற்கு அடுத்த நாளும்தான் தெரியும்.

இதற்கு ஒரு நல்ல மருந்து உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டியது இல்லை. பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழக வேண்டும். ஒரு முறை இறங்கி வலி கண்ட கால், அடுத்த முறை அவ்வளவு வலிக்காது. தசை பாடம் கற்றுக்கொள்கிறது!

இறங்கும்போது எட்டி எட்டி வைக்கக்கூடாது. சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். முழங்காலை விறைப்பாக வைக்காமல் சற்று மடக்கி இருக்க வேண்டும். பார்வை பாதத்தின் மேல் இருக்கக்கூடாது. நாலைந்து அடி முன்னால் இருக்க வேண்டும்.

ஏறும்போது? நடக்கலாம்! செங்குத்தான ஏற்றத்தில் உலகத்தின் பெரிய மலையோட்டக்காரர்களே நடக்கிறார்கள். அது அவமானம் அல்ல. பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகமே பழகாதவருக்கு ஏற்ற வேகம்.

மலையில் ஏறி இறங்கிப் பழகக் கோவில் படிகளை நாடுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. கோவில் படி பக்தர்களுக்காகக் கட்டப்பட்டது. வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் ஏறுகிற இடத்தில் இடித்துக்கொண்டு ஓடக்கூடாது. அங்கே நடந்து ஏறி, நடந்து இறங்கினாலே போதும். அதுவே நல்ல பயிற்சி.

21 பேர் மாண்ட ஓட்டம்

கால் வலி இரண்டு நாளில் போய்விடும். போன உயிர் வராது.

2021ஆம் ஆண்டு மே மாதம் 22ந் தேதி. சீனாவில் கான்சு மாகாணத்தில் 100 கிலோ மீட்டர் மலையோட்டம் நடந்தது. 172 பேர் ஓடினார்கள். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும்தான் அணிந்து இருந்தார்கள்.

நடுப்பகலில் திடீர் என்று வானம் கறுத்தது. பலத்த காற்று. ஆலங்கட்டி மழை. கடுங்குளிர். காற்றைத் தடுக்கும் மேல்சட்டை பலரிடம் இல்லை. அதைக் கட்டாயம் கொண்டு வர வேண்டும் என்ற விதியும் அந்த ஓட்டத்தில் இல்லை.

21 பேர் இறந்து போனார்கள்!

இறந்தவர்களில் ஒருவர் லியாங் ஜிங். சீனாவின் புகழ் பெற்ற மலையோட்டக்காரர். பல பந்தயங்களில் வென்றவர். அவருடைய திறமையும் அந்தக் குளிரில் அவரைக் காப்பாற்றவில்லை.

அந்த மலையில் ஜு கெமிங் என்ற ஓர் ஆட்டிடையர் இருந்தார். மழைக்கு ஒரு குகையில் ஒதுங்கி இருந்தார். தடுமாறி வந்த ஓட்டக்காரர்களைக் குகைக்குள் அழைத்துப் போனார். நெருப்பு மூட்டினார். போர்வை கொடுத்தார். 6 பேரைக் காப்பாற்றினார். மலையை அறிந்தவர் அவர்தான்!

இன்னொருவரும் பிழைத்தார். அவர் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்தார். விரல்கள் மரத்துப் போயின. "போதும்" என்று முடிவு செய்தார். ஓட்டத்தைக் கைவிட்டுக் கீழே இறங்கினார். உயிரோடு வீடு திரும்பி, நடந்ததை உலகத்துக்குச் சொன்னார்.

அவர் தோற்றவரா? இல்லை. அன்று சரியான முடிவு எடுத்தவர் அவர்.

ஐரோப்பாவில் மோன் பிளான் மலையைச் சுற்றி ஓர் ஓட்டம் நடக்கிறது. சுமார் 170 கிலோ மீட்டர். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய 3 நாடுகளின் வழியாக ஓட வேண்டும். மொத்த ஏற்றம் சுமார் 10 ஆயிரம் மீட்டர். திருக்கழுக்குன்றத்தை 60 தடவைக்கு மேல் ஏறி இறங்குவதற்குச் சமம்!

அவ்வளவு பெரிய ஓட்டத்தையே 2010ஆம் ஆண்டில் பாதியில் நிறுத்தினார்கள். புயல் மழை வந்தது. மண் சரிந்தது. "நில்லுங்கள்" என்று சொல்லி விட்டார்கள். உலகத்தின் பல பகுதிகளில் இருந்து வந்தவர்கள் மனம் நொந்தார்கள். ஆனால், வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இங்கே குளிர் இல்லை, வெயில் உண்டு!

"அது பனிமலை. நம்ம ஊர் மலை சின்ன மலைதானே?" என்று சிலர் நினைக்கலாம்.

அந்த நினைப்புதான் ஆபத்து. செங்கல்பட்டுப் பக்கத்துக் குன்றுகளில் குளிர் கொல்லாது. வெயில் கொல்லும்!

பாறைக் குன்றுகள். குட்டையான முட்செடிகள். நிழல் தரும் மரங்கள் குறைவு. காலை 9 மணிக்கே பாறை சூடேறி விடும். மாமல்லபுரத்துப் பக்கம் போனால் கடல் காற்று வீசும். உடம்புக்கு இதமாக இருக்கும். ஆனால், அந்தக் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காயாவிட்டால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

தலை சுற்றினால் நின்று விட வேண்டும். நடை தடுமாறினால், பேச்சு குழறினால், கூட வருகிறவர் அவரை நிறுத்த வேண்டும். நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. நெஞ்சு வலித்தால் ஓர் அடிகூட மேலே வைக்கக்கூடாது.

தண்ணீர் குடிப்பதிலும் அளவு வேண்டும். தாகத்துக்குக் குடிக்க வேண்டும். குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து, அதுவும் ஆபத்தில் முடியும். நம் வீட்டு நீர் மோரில் தண்ணீரும் இருக்கிறது. உப்பும் இருக்கிறது!

வெயிலுக்கு உடம்பு பழக 10 நாள் முதல் 14 நாள் வரை ஆகும். ஏர் கண்டிஷன் அறையில் 6 நாள் உட்கார்ந்துவிட்டு, ஏழாம் நாள் மலைக்கு ஓடினால் உடம்பு எப்படித் தாங்கும்?

நெருப்பு சொன்ன பாடம்

மலைக்கு இன்னொரு முகமும் உண்டு.

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ந் தேதி. தேனி மாவட்டம் குரங்கணி மலை. கொழுக்குமலையில் இருந்து இறங்கி வந்துகொண்டு இருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 20க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். இளம் பெண்கள். புதுமணத் தம்பதிகள். விடுமுறைக்கு மலை பார்க்கப் போனவர்கள்.

அவர்கள் பந்தயம் ஓடப் போனவர்கள் அல்ல. மலையேறப் போனவர்கள். ஆனால், பாடம் இருவருக்கும் ஒன்றுதான். ஏறும் வழியைக் கேட்டுக்கொண்டால் போதாது. ஆபத்து வந்தால் எந்த வழியாகத் தப்பிப்பது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டு வந்தது. 2024ஆம் ஆண்டில் 40 மலைப் பாதைகளை வனத்துறை திறந்து விட்டது. வழி தெரிந்த உள்ளூர்க்காரர்கள் கூட வருகிறார்கள். இது நல்ல ஏற்பாடு.

காட்டு வழியில் ஓட்டம் நடத்துகிறவர்களும் இதே வழியில் போக வேண்டும். அனுமதி வாங்காமல் ஓடக்கூடாது. எத்தனை பேர் மலைக்குள் போனார்கள் என்று எண்ண வேண்டும். எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்றும் எண்ண வேண்டும். இரண்டும் ஒன்றாகும் வரை ஒருவரும் வீட்டுக்குப் போகக்கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் ஓர் ஆள் வர வேண்டும். ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் ஓட்டம் முடிய வேண்டும்.

காம்ரேட்ஸ் ஓட்டத்தில் 12 மணி நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும். ஒரு விநாடி பிந்தி வந்தாலும் பதக்கம் கிடையாது. "இது என்ன கல் நெஞ்சம்!" என்று தோன்றும். ஆனால், மலையில் இப்படி ஒரு கண்டிப்பு வேண்டும். ஓடுகிறவரின் ஆசைக்கு எல்லை கிடையாது. யாராவது ஒருவர் எல்லை போடத்தான் வேண்டும்.

வீட்டார் என்ன செய்வது?

"போகாதே" என்று தடுக்க வேண்டியது இல்லை. தடுத்தால் சொல்லாமல் போவார்கள். அது இன்னும் மோசம்.

டாக்டரிடம் ஒரு முறை காட்டச் சொல்ல வேண்டும். முக்கியமாக, 40 வயது தாண்டியவர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "எந்த மலை? யாரோடு? எத்தனை மணிக்குத் திரும்புவாய்?" என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

பாதியில் திரும்பி வந்தால் கேலி செய்யக்கூடாது. இதுதான் மிகவும் முக்கியம். "பணம் கட்டிட்டு, பாதியிலே வந்துட்டியா?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்குப் பயந்து அடுத்த முறை தலை சுற்றினாலும் ஓடுவார். விபரீதம் அங்கேதான் பிறக்கிறது.

"வந்துட்டியா? கை கால் அலம்பிட்டு வா, சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள். அதுவே அவருக்குப் பதக்கம்!

திருக்கழுக்குன்றத்தில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. அங்கே ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் காலத்துக் குகைக் கோவில் உண்டு. பாறையைக் குடைந்து செய்தது. அது ஏறும் வழியில் இல்லை. இறங்கும் வழியில் இருக்கிறது. உச்சியைப் பார்த்துவிட்டோம் என்று தலைதெறிக்க இறங்குகிறவர்கள் கண்ணில் அது படாது. நிதானமாக இறங்குகிறவர்களுக்குத்தான் அந்தக் காட்சி கிடைக்கும்.

மலை உச்சியைத் தொட்டவர் பாதி ஓட்டம்தான் ஓடி இருக்கிறார். மீதிப் பாதி கீழே இருக்கிறது. பந்தயக்காரர்கள் கட்டி இருக்கும் கயிறு அதற்கு முடிவு அல்ல.

அவரவர் வீட்டு வாசற்படிதான் முடிவு!